கையுறையும் ஒரு கட்டுரையும்

பிப்ரவரி 6

அன்புள்ள டப்பாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். ஊருக்கு நீ பாடகன், எனக்கு இன்னும் அதே டப்பாதான். வீட்டில் எல்லோரும் ஒரு மாதிரி நன்றாகவே இருக்கிறோம். அம்மாவுக்குப் பழைய இருமல், எனக்குப் பழைய கோபம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன் பண்ணினால் உன் உதவியாளர் எடுத்து, "சார் ரெக்கார்டிங்ல இருக்காருங்க" என்கிறார். அவரிடம் அம்மாவின் இருமலைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அதனால்தான் கடிதம்.

பேப்பரில் வரும் உன் திங்கட்கிழமைப் பத்தியை எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சத்தம் போட்டுப் படிக்கிறோம். தலையில் நீலச் சாயம் பூசிக்கொண்டு மேடையில் குதிக்கிறவனுக்கு அரசியல் எதற்கு என்று முதலில் சிரித்தவள் நான்தான். வரி உயர்வைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் வாயை மூடிக்கொண்டேன். துணி பிரிக்கும் மேசையில் எனக்கு எதிரே நிற்பவள் ஒருத்தி இருக்கிறாள். நாள் முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்வதால் அவளுக்குச் சீட்டி என்றே பெயர். "உன் தம்பி பாட்டைவிடப் பத்தி தேவலைடி, காது வலிக்காம படிக்கலாம்" என்பாள்.

அவளுக்குத்தான் இப்போது உடம்பு சரியில்லை. வார்டுகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளில் ஊசியை அப்படியே சுருட்டி அனுப்பிவிடுகிறார்கள். அப்படி ஒன்று அவள் விரலில் ஏறிவிட்டது. கண்ணெல்லாம் மஞ்சளாகி, கல்லீரலில் கிருமி என்று சொல்லிவிட்டார்கள். ஊசி ஏறாத கையுறை கொடுங்கள் என்று நாங்கள் எல்லோரும் மருத்துவமனை வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறோம்.

கத்துவதெல்லாம் சரி, இவளுங்களை என்ன செய்வது சொல்! நிர்வாகம் கொடுத்த ரப்பர் கையுறையை விரல் நுனியில் வெட்டிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். சீட்டியும் அப்படித்தான் மாட்டியிருந்தாள். மூளையைக் கழற்றி அழுக்குத் துணியோடு துவைக்கப் போட்டுவிட்ட கூட்டம். வாய் கையுறை கேட்கிறது, கை அதை வெட்டுகிறது. ஒரு நாள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி அறையப் போகிறேன், என்னையும் சேர்த்து.

எரிச்சலில் உன்னிடம் கொட்டிவிட்டேன். வேறு யாரிடம் கொட்டுவது? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

---

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். ஊர் ஊராகக் கச்சேரி, பஸ்ஸிலேயே தூக்கம். அம்மாவின் இருமலுக்கு நல்ல டாக்டராகப் பார்த்துச் சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். உன்னைப் போல எழுத இங்கே ஒருவருக்கும் வராது. எங்கள் பத்திரிகை ஆசிரியர், "நீங்க எப்பவும் ஒரு பக்கமா நின்னே எழுதறீங்க, கொஞ்சம் எல்லாரையும் கேள்வி கேளுங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான் என்று இப்போது தோன்றுகிறது. கை அரிக்கிறது, எழுதப் போகிறேன்.

அம்மாவையும் உன்னையும் நினைத்துக்கொண்டே,
தம்பி

---

மார்ச் 12

தம்பிக்கு,

இங்கே அம்மா நலம். நான் நலமா என்று கேட்காதே.

உன் கட்டுரை வந்த அன்று மதியமே மேற்பார்வையாளர் அதை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். நாங்கள் கைகழுவும் இடத்துக்கு நேர் மேலே. "கையுறை கேட்டுக் கோஷம் போடும் கைகளே, கொடுத்த கையுறையைக் கத்தரியால் வெட்டுகின்றன. நிர்வாகம் கல்நெஞ்சம் என்றால் தொழிலாளி மட்டும் சொக்கத் தங்கமா?" இதுதானே நீ எழுதியது? நடுவில் என் வாக்கியம் ஒன்று அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மூளையைத் துவைக்கப் போட்ட கூட்டமாம்.

அடப் பாவி, அதை நான் சொல்லலாம். நான் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. வீட்டுக்குள் ஏசுவது வேறு, வீதியில் நின்று ஏசுவது வேறு என்று உனக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? உன்னை நான் தறுதலை என்று திட்டாத நாள் உண்டா? அதை நான் பேப்பரில் போட்டேனா?

ஏன் வெட்டுகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? அவர்கள் கொடுத்திருப்பது சாக்கடை அள்ளுகிறவர்கள் போடும் தடித்த ரப்பர் உறை. அதை மாட்டினால் விரல் குருடாகிவிடும். விரிப்புக்குள் ஊசி எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். நாங்கள் கண்டுபிடிக்காமல் விட்டால் அது விரிப்போடு துவைபட்டு, காய்ந்து, அடுத்த மேசையில் மடிக்கிறவள் கையில் ஏறும். அவளும் தவறவிட்டால் நோயாளியின் முதுகில் ஏறும். அதற்காகத்தான் நுனியை வெட்டுகிறோம். புத்திசாலித்தனம் இல்லைதான், அதற்குத்தான் நான் திட்டினேன். ஆனால் அது திமிர் இல்லை. தடவினால் தெரிகிற மாதிரி மெல்லிசாக, ஊசியும் ஏறாத உறை கடையில் கிடைக்கிறது. நாங்கள் கேட்பது அதைத்தான்.

சீட்டி ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கிறாள். அவளாகவே வரவழைத்துக்கொண்ட வியாதி, வைத்தியம் பார்க்க மாட்டோம், வேலையும் இல்லை என்கிறது நிர்வாகம். ஏப்ரல் கடைசியில் தொழிலாளர் துறையில் விசாரணை. அதற்குள் நீ இன்னொரு பத்தி எழுது. "ஏன் வெட்டுகிறார்கள் என்று தெரியாமல் எழுதிவிட்டேன், காரணம் இது" என்று எழுதினால் போதும். எழுதுவாயா மாட்டாயா?

உடம்பு நன்றாக இருக்கிறதா?

அக்கா

---

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதம் ஸ்டூடியோ மேசையில் கிடந்திருக்கிறது, எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அம்மாவுக்கு இருமல் மருந்து அனுப்பியிருக்கிறேன், வேளைக்கு ஒரு மூடி.

அந்தக் கட்டுரைக்கு வந்த பாராட்டை நீ பார்க்க வேண்டும். இத்தனை வருஷம் பாடியும் ஒருவரும் சொல்லாததை ஒரே கட்டுரைக்குச் சொல்லிவிட்டார்கள், நேர்மையானவன் என்று. நான் யார் பெயரையும் எழுதவில்லை, எந்த மருத்துவமனை என்றும் எழுதவில்லை. ஒரு கலைஞன் எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பதுதான் அவன் மரியாதை. நீ சொன்ன காரணத்தையும் எழுதலாம்தான், ஆனால் பத்தியை நிறுத்திவிட்டேன். வேறு வேலை ஒன்று வந்திருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

விசாரணை எப்படிப் போனது? உன் தோழிக்கு என் விசாரிப்புகள்.

தம்பி

---

மே 20

தம்பிக்கு,

அம்மாவுக்கு மருந்து வந்தது. கேட்டதற்கு நன்றி, விசாரணையும் நடந்தது.

ஒரு நீள மேசை, அதிகாரி நடுவில், நிர்வாகத்து வக்கீல் ஓரத்தில். எதிரே நாங்கள் ஏழெட்டுப் பேர். சீட்டியை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்திருந்தோம். வக்கீல் வேறு சாட்சியே கூப்பிடவில்லை. பேப்பரைப் பிரித்தார், கண்ணாடியை மாட்டினார், உன் கட்டுரையை ஏற்ற இறக்கத்தோடு படித்தார். "ஐயா, இது எங்க ஆள் எழுதினதில்ல. ஏழைகளுக்காகப் பேசறவர்னு பேர் வாங்கின பாடகர். அவரே சொல்றார்." அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டார். முடிந்தது. சீட்டிக்கு வேலையும் போச்சு, வைத்தியமும் போச்சு. ஆகஸ்டில் மேல்விசாரணை கேட்டு மனுக் கொடுத்திருக்கிறோம்.

வெளியே வந்ததும் மடிக்கிற மேசைக்காரி என்னைப் பிடித்துக்கொண்டாள். "நாம வெட்டறது உன் தம்பிக்கு எப்படிடி தெரியும்?"

சீட்டிக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும் என்று நான் நகரப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உன் தம்பி பாட்டைப் போட்டுத்தானே இத்தனை வருஷம் இங்க வேலை செஞ்சோம்?"

அதிலிருந்து யாரும் என்னோடு சாப்பிட உட்காருவதில்லை. நான் வந்தால் எழுந்து போகிறார்கள்.

நீ பிறகு சொல்கிறேன் என்ற அந்த வேறு வேலை என்ன என்று டிவி விளம்பரத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஞாயிறு காலை, 'இரு பக்கம்' என்று நிகழ்ச்சி, நடத்துகிறவர் நாற்காலியில் நீ. "தொழிலாளியையும் கேள்வி கேட்கத் துணிந்தவர்" என்று ஒரு குரல் முழங்குகிறது, திரையில் உன் கட்டுரை பெரிதாக வருகிறது. அந்தக் கட்டுரைக்குத்தான் அந்த நாற்காலியா? அதனால்தான் எழுத முடியாதா? வாயைத் திறந்து சொல்லேன். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன், இதற்கு நடுநிலை என்று பெயரா?

நீ நலமாகத்தான் இருப்பாய்.

அக்கா

---

ஜூன் 24

அக்காவுக்கு,

அம்மா நலம் என்று நம்புகிறேன்.

நீ கேட்டதற்கெல்லாம் பேசாமல் இருந்தேன். இப்போது நான் கேட்கிறேன். அந்த வார்த்தைகள் யாருடையவை? நீ எழுதியது. என் கற்பனையில் ஒரு கையுறையும் இல்லை, ஒரு கத்தரிக்கோலும் இல்லை. காரணத்தையும் சேர்த்து அன்றே எழுதியிருந்தால் நானும் சேர்த்து எழுதியிருப்பேன். எல்லாப் பழியையும் என் தலையில் கட்டிவிட்டு நீ மட்டும் நல்லவளாக நிற்காதே.

நாற்காலிக்காகத்தான். ஆமாம், போதுமா? என் குரல் போய்க்கொண்டிருக்கிறது. குரல்நாணில் கட்டி. இரண்டு பாட்டுக்கு மேல் உச்சத்தில் நிற்க முடியவில்லை, மீதியை டேப்பில் ஓடவிட்டு வாயசைக்கிறேன். பாடாத பாடகன் யாருக்கு வேண்டும்? பேசுகிறவனாகவாவது இருந்துகொள்ளலாம் என்று பார்க்கிறேன். முதல் மாதமே, "நான் எழுதினது தப்பு" என்று எழுந்து நின்றால் என்னை யார் உட்காரவைப்பார்கள்? அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

தம்பி

---

ஜூன் 29

டப்பா,

தொண்டையை ஏன் இத்தனை நாள் மறைத்தாய்? டாக்டர் என்ன சொன்னார், அறுவை சிகிச்சை என்கிறாரா? பேச்சைக் குறை. வெந்நீர் குடி. படித்துவிட்டு அழுதேன், அது வேறு.

நீ கேட்டது சரி. காரணத்தை நான் எழுதவில்லை. நாங்கள் தினமும் செய்வதை உனக்கு விளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் மார்ச்சில் விளக்கினேனே, அதற்குப் பிறகு நீ சும்மா இருந்ததற்கு யார் பொறுப்பு?

சரி, நாற்காலியை விட வேண்டாம். தப்பு என்றும் சொல்ல வேண்டாம். உன் நிகழ்ச்சியில் கடைசியில் நேயர்கள் போன் பண்ணிப் பேசுகிறார்கள் இல்லையா? வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு நான் கூப்பிடுகிறேன். அக்கா என்று மூச்சுவிட மாட்டேன். சலவைத் தொழிலாளி பேசுகிறேன் என்பேன். "கையுறையை ஏன் வெட்டறீங்க?" என்று நீ கேள். நான் பதில் சொல்கிறேன். நீ "ஓ, அப்படியா" என்று சொன்னால் போதும். உனக்கும் நல்ல பேர்தான், இரண்டு பக்கமும் கேட்டவன் என்று. சீட்டிக்கு மேல்விசாரணையில் அது உயிர். ஊரே பார்த்த நிகழ்ச்சியை வக்கீலால் மறைக்க முடியாது.

காத்துக்கொண்டிருக்கிறேன். குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே.

அக்கா

---

ஜூலை 13

தம்பிக்கு,

உன் தொண்டை எப்படி இருக்கிறது? நேற்று டிவியில் நன்றாகத்தான் கேட்டது.

உன் பதில் வரவில்லை, சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். சீட்டியின் வீட்டில் உட்கார்ந்துதான் கூப்பிட்டேன். அவளால் எழுந்து உட்கார முடியவில்லை, கட்டிலை டிவி பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள். மடிக்கிற மேசைக்காரியும் இன்னும் நாலு பேரும் வந்திருந்தார்கள். என்னோடு பேசவில்லை, ஆனால் வந்திருந்தார்கள். சீட்டிதான் என்னிடம் கேட்டாள், "பேச விடுவாரா?" என்று. "கூடப் பிறந்தவன்டி, விடாம?" என்றேன்.

இணைப்பு கிடைத்தது. "வணக்கம்மா, எங்கேருந்து பேசறீங்க, சொல்லுங்கம்மா" என்றாய். "சார், நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துல வேலை பார்க்கறேன். கையுறையைப் பத்தி எழுதினீங்களே, அதைப் பத்தித்தான்" என்றேன். உன்னை நான் சார் என்று கூப்பிட்டேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் குரல் உனக்குத் தெரிந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாய், காகிதத்தைப் புரட்டினாய், கேமராவைப் பார்த்துச் சிரித்தாய்.

"லைன் சரியா கேக்கலை. அடுத்த நேயர்."

லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. என்னிடம் போன் கையிலேயே இருக்கிறது, உள்ளே டொய்ங் என்று சத்தம் வருகிறது, திரையில் நீ இன்னொருவரிடம் சினிமாவில் ஆபாசம் பெருகிவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாய். என் வாழ்க்கையில் நான் இப்படி அவமானப்பட்டதில்லை. நீ இங்கே இருந்திருந்தால் நாலு அறை அறைந்திருப்பேன். இத்தனைக்கும் எனக்கு உன்னிடம் வேண்டியிருந்தது ஒரு "ஓ, அப்படியா".

மடிக்கிற மேசைக்காரி எழுந்து என் கையிலிருந்த போனை வாங்கி அணைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "விடுடி, சாப்பிட்டியா?" என்றாள். அத்தனை மாதம் கழித்து என்னிடம் பேசினாள். நீ எனக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

ஆகஸ்ட் மேல்விசாரணையில் நானே எழுந்து பேசப் போகிறேன். கட்டுரையில் இருப்பது யார் வார்த்தை, யார் யாரிடம் சொன்னது, எல்லாவற்றையும்.

அக்கா

---

ஜூலை 16

அக்கா,

நலமா? இந்தக் கடிதத்தைக் கூரியரில் அனுப்புகிறேன், கிடைத்ததும் உதவியாளர் போனுக்கு ஒரு தகவல் சொல். லைவ் நிகழ்ச்சி, காதுக்குள் இயக்குநர் கத்திக்கொண்டிருந்தார், எனக்கு வேறு வழி தெரியவில்லை. எதை வேண்டுமானாலும் பேசு, நான் உன் தம்பி என்பதை மட்டும் சொல்லாதே. அக்கா தம்பி என்று வெளியே வந்தால் பத்திரிகைகள் என்னைக் கிழித்துவிடும். கெஞ்சிக் கேட்கிறேன். உன் காலில் விழுகிறேன்.

தம்பி

---

ஆகஸ்ட் 22

தம்பிக்கு,

இங்கு அம்மா உன்னைக் கேட்டாள், நன்றாக இருக்கிறாய் என்று சொன்னேன். பிப்ரவரியிலிருந்து எழுதுகிறேன், மூன்றே நாளில் பதில் வந்தது இந்த ஒரு தடவைதான்.

மேல்விசாரணை நேற்று நடந்தது. புது அதிகாரி, வயதான அம்மாள். வக்கீல் மறுபடியும் பேப்பரைப் பிரித்தார். அவர் கண்ணாடியைத் தேடுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். 

"அம்மா, அதுல மூளையைத் துவைக்கப் போட்ட கூட்டம்னு ஒரு வரி வரும். அது நான் சொன்னது. எங்க ஆளுங்களை நான் திட்டினது. எங்க வீட்டுச் சண்டை அது. எதுக்கு வெட்டறோம்னு அதுல இல்லை, அதை இப்ப சொல்றேன்."

சொன்னேன். கூடவே மற்றவர்களும் சொன்னார்கள், ஒரே இரைச்சல். அதிகாரி மேசையைத் தட்டி எங்களை அடக்கிவிட்டு வக்கீலிடம் கேட்டார், "இதை எழுதினவர் இந்தச் சலவைக்கூடத்தை வந்து பார்த்தாரா?" வக்கீல் பேப்பரைப் புரட்டினார். அப்புறம் அதிகாரி என்னிடம் திரும்பினார். "நீங்க சொன்னதைத்தான் அவர் எழுதினார்னா உங்களுக்கு அவரைத் தெரியும். கூப்பிட்டா வந்து சொல்வாரா?"

சீட்டி என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் தம்பி என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருக்கலாம், சொல்ல எனக்கு ஆசையும் இருந்தது.

"வர மாட்டாரும்மா. அவர் எங்களைப் பத்திப் பேசறவர். எங்ககூடப் பேசறவர் இல்லை."

அதிகாரி அந்தப் பேப்பரைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, எழுதியவர் வந்து நிற்காத பேப்பரைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சீட்டிக்கு வேலை உண்டு, வைத்தியம் அவர்கள் பொறுப்பு என்று எழுதியிருக்கிறார். மெல்லிய கையுறைக்கு இன்னும் பதில் இல்லை, அதற்கு மறுபடி வாசலில் நிற்க வேண்டும். நிற்போம்.

நீ என் தம்பி என்பது வெளியே வரவில்லை. நிம்மதியாகத் தூங்கு.

அக்கா

---

அக்டோபர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் சுகமா? எனக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பாட இன்னும் நாள் ஆகும், பேச டாக்டர் அனுமதித்துவிட்டார்.

உன் தோழி வேலைக்குத் திரும்பப்போகிறாள் என்பதில் எனக்கும் ரொம்பச் சந்தோஷம். நீ சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டாய், அதற்கு எப்படி நன்றி சொல்வது? நடந்ததையெல்லாம் மறந்துவிடுவோம், இரண்டு பேர் பக்கமும் தப்பு இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி. 'இரு பக்கம்' இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சாதாரண மனிதர்களின் உண்மையான குரல் வேண்டும் என்கிறார்கள். உன்னைவிட்டால் எனக்கு அதற்கு யார் இருக்கிறார்கள்? சலவைக்கூடத்தில் இப்போது என்ன நடக்கிறது, கையுறை விஷயம் என்ன ஆயிற்று, யார் யாரோடு சண்டை, எல்லாவற்றையும் வழக்கம்போல மனசுவிட்டு எழுது. யார் பெயரும் வராது, அது என் பொறுப்பு. சீக்கிரம் எழுது.

உன் பதிலை எதிர்பார்த்து,
உன் டப்பா

---

அக்டோபர் 25

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

இப்படிக்கு,
அக்கா